வசந்தத் தொடக்கத்தில் காய்கறித் தோட்டம்: கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

குளிர்காலம் விலகி வெயில் கொஞ்சம் முகம் காட்டினாலே போதும், தோட்டம் போடுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பகலில் காற்று இதமாக இருக்கிறதே என்று விதைப் பொட்டலங்களைப் பிரித்துவிடுவோம். ஆனால் காற்று சூடேறுகிற வேகத்தில் மண் சூடேறாது. மேலே வசந்தம் வந்துவிட்டிருக்கும், ஒரு விரல் ஆழத்தில் இன்னும் குளிர்காலம்தான். இந்தப் பருவத்தில் வருகிற கோளாறுகளில் பெரும்பகுதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அதனால் இலை மஞ்சளானால் உரம், சுருண்டால் மருந்து என்று ஓடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு இரண்டே சோதனைகள். முதலாவது வெப்பநிலை. சமையலுக்குப் பயன்படும் கூர்முனை வெப்பமானி இருந்தால் போதும். விதைக்கப் போகிற இடத்தில் 5 செ.மீ ஆழத்துக்கும், நாற்று நடுகிற இடத்தில் 10 செ.மீ ஆழத்துக்கும் செருகி, காலையில் அளவெடுங்கள். மூன்று நாள் தொடர்ந்து எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். நல்ல வெயில் அடித்த ஒரு மாலையில் எடுத்த அளவை நம்பி ஏமாறக் கூடாது.

இரண்டாவது பதம். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்து, கையை விரித்து, கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். உதிர்ந்தால் மண் கிளறத் தயார். களிமண் உருண்டையாக அப்படியே நின்றாலோ, விரல் ரேகை பதிந்தாலோ இன்னும் சில நாள் விட்டுவிடுங்கள். ஈரம் மிகுந்த மண்ணைக் கிளறினால் அது கட்டிகட்டியாக இறுகி, அந்தப் பருவம் முழுக்க வேருக்குத் தொல்லை கொடுக்கும்.

இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

விதைத்து இரண்டு வாரம் ஆகியும் ஒன்றும் முளைக்கவில்லை

முதலில் ஒரு இடத்தில் மண்ணை விலக்கி, இரண்டு மூன்று விதைகளை வெளியே எடுத்துப் பாருங்கள். பலரும் இதைச் செய்யத் தயங்குகிறார்கள். நாலு விதை போனால் போகட்டும், காரணம் கையில் கிடைத்துவிடும்.

விதை கெட்டியாக, போட்டது போட்டபடி இருந்தால் ஒன்று மண் குளிராக இருக்கிறது, அல்லது மேல்மண் காய்ந்துவிட்டது. குளிர் என்றால் பயிருக்குப் பயிர் கணக்கு வேறு. கேரட் விதை 20 டிகிரி செல்சியஸ் மண்ணில் சுமார் 7 நாளில் முளைக்கும். 10 டிகிரியில் 17 நாள் ஆகும். 5 டிகிரியில் ஏழு வாரம் வரை இழுக்கும். பட்டாணி 20 டிகிரியில் 8 நாள், 10 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு வாரம், 5 டிகிரியில் ஐந்து வாரம். தக்காளி 25 டிகிரியில் 6 நாளில் வரும், 10 டிகிரியில் ஆறு வாரம் ஆகலாம். மிளகாய்க்கு 15 டிகிரியில் 25 நாள் வேண்டும், அதற்குக் கீழே போனால் அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. பீன்ஸ், வெள்ளரி, வெண்டை மூன்றும் 15 டிகிரிக்குக் கீழே விதைத்தால் பெரும்பாலும் வீண்தான்.

ஆகவே கேரட், பட்டாணி, பசலைக்கீரை (ஸ்பினாச்), லெட்யூஸ், வெங்காயம், முள்ளங்கி என்றால் பொறுமையாக இருங்கள், மண் 8 முதல் 10 டிகிரி தொட்டதும் வேகம் பிடிக்கும். சீக்கிரம் வேண்டுமென்றால் விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பே பாத்தியின் மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் மண் அணைத்து விடுங்கள், மண் சில டிகிரி கூடும். மேட்டுப்பாத்தி தரைப்பாத்தியைவிட முன்னதாகவே சூடேறும். தக்காளி, மிளகாய், கத்தரியை வீட்டுக்குள் நாற்றுத்தட்டில் போடுவதுதான் வழி. அங்கும் தட்டின் அடியில் வெதுவெதுப்பு வேண்டும். அறைக் காற்று 20 டிகிரி இருந்தாலும் ஜன்னல் ஓரத்து ஈரமண் அதைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும்.

விதை ஊதி, மெத்தென்று ஆகி, நசுக்கினால் நாற்றம் வந்தால் அது அழுகிவிட்டது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும், பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் இது அடிக்கடி நேர்கிறது. மறுபடி விதையுங்கள், ஆனால் மண் சூடேறிய பிறகு. விதைக்குள் குடைந்த துளை தெரிந்தால் விதைக்குள் புகும் ஈப்புழுவின் வேலை. சரியாக மட்காத சாணமும் பச்சைத் தழையும் புதைத்த பாத்திக்கு அந்த ஈ விரும்பி வந்து முட்டையிடும். மட்காததை விதைப்புக்கு முன் கலக்காதீர்கள்.

விதையே காணோம் என்றால் பறவை அல்லது எலி. பட்டாணி விதைத்த இடத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முளை நன்றாக எழும்பி நிற்கும்வரை வலை போட்டு வையுங்கள்.

விதை முளைத்திருக்கிறது, ஆனால் முளை மண்ணுக்கடியிலேயே வளைந்து சுருண்டு கிடக்கிறதா? மேல்மண் பொருக்கு தட்டிவிட்டது என்று அர்த்தம். மழையோ, கனமாக ஊற்றிய தண்ணீரோ மண்ணை அடித்து இறுக்கி, காய்ந்ததும் ஓடு மாதிரி ஆக்கிவிடுகிறது. கேரட் முளைக்கு அதைப் பிளக்கும் பலம் கிடையாது. இப்போதைக்குப் பூவாளியால் மெல்லத் தூறி அந்த ஓட்டை இளக்குங்கள். அடுத்த முறை விதையைத் தோட்டத்து மண்ணால் மூடாமல், சலித்த மட்கு உரத்தாலோ தென்னைநார்க் கழிவாலோ அரை செ.மீ மூடுங்கள். அதன்மேல் ஈரச் சாக்கு போட்டு, நாள்தோறும் தூக்கிப் பார்த்து, முதல் முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் வெளிறி நீண்டுவிடும்.

மண்ணும் சரி, ஈரமும் சரி என்றால் விதையின் வயதைப் பாருங்கள். வெங்காய விதை ஒன்றிரண்டு ஆண்டில் சத்து இழந்துவிடும். மிளகாய்க்கு இரண்டு, கேரட்டுக்கு மூன்று, தக்காளிக்கு நான்கு, வெள்ளரிக்கு ஐந்து ஆண்டு வரை சொல்லலாம். ஈரத் துணியில் பத்து விதையை மடித்து வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் பத்து நாளில் பதில் கிடைத்துவிடும். பத்தில் ஆறு முளைத்தால் நெருக்கமாக விதையுங்கள், மூன்றுதான் என்றால் புது விதை வாங்குங்கள்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கிறது

இதில் மூன்று பேர் மேல் சந்தேகம் வரும். கிட்டே போய்த் தண்டின் அடியைப் பார்த்தால் யாரென்று தெரிந்துவிடும்.

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூல் மாதிரி மெலிந்து, தண்ணீரில் ஊறியது போல் நிறம் மங்கி இருந்தால் நாற்றழுகல் நோய். மேலே விதையிலைகள், அதாவது முளைத்ததும் வரும் முதல் இலைகள், இரண்டும் பச்சையாக, ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். இதை முதன்முதலில் பார்த்த அன்று நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுநாள் காலையில் தட்டின் ஒரு மூலையிலிருந்து நடுப்பகுதி வரை வட்டமாக எல்லாமே படுத்திருந்தன. பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகள் ஈரத்திலும் நெரிசலிலும் காற்றோட்டம் இல்லாத இடத்திலும் இப்படித்தான் பரவுகின்றன.

விழுந்த நாற்றை எழுப்ப முடியாது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். விழுந்தவற்றையும் சுற்றியுள்ள மண்ணையும் ஒரு கரண்டியால் அள்ளி வெளியே போடுங்கள். தட்டின் மூடியைக் கழற்றி, சின்ன மின்விசிறியை மெல்ல ஓட விடுங்கள். மேல்மண் காய்கிற வரை தண்ணீர் கூடாது, அதன் பிறகும் தட்டின் அடியில் ஊற்றி அரை மணி நேரம் உறிஞ்சவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். அடுத்த தடவைக்குத் தட்டுகளைச் சோப்பு போட்டுக் கழுவி, புதிய நாற்றுக் கலவை போடுங்கள். தோட்டத்து மண்ணை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து நாற்றுத்தட்டில் நிரப்பவே வேண்டாம்.

தண்டு கத்தியால் வெட்டியது போல் துண்டாகி, தலை பக்கத்தில் கிடந்தால் வெட்டுப்புழு. வெளியே நட்ட நாற்றுகளுக்கு, குறிப்பாக முட்டைக்கோஸுக்கும் தக்காளிக்கும் இது வரும். வெட்டுப்பட்ட செடியைச் சுற்றி ஒரு சாண் வட்டத்தில் 2, 3 செ.மீ ஆழத்துக்கு விரலால் கிளறுங்கள். சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு ஒன்று பகல் தூக்கத்தில் வளையமாகச் சுருண்டு கிடக்கும். அதைப் பிடித்தால்தான் அடுத்த செடி பிழைக்கும், ஒரே புழு ஒரு ராத்திரியில் பல நாற்றை வெட்டிச் சாய்க்கும். நடும்போதே அட்டைக் குழாயைத் துண்டுபோட்டு ஒவ்வொரு நாற்றுக்கும் கழுத்துப்பட்டி போல மாட்டி, 3 செ.மீ மண்ணுக்குள் அழுத்திவிட்டால் பிரச்சினை அத்தோடு முடிந்தது. இவ்வளவு எளிய, இவ்வளவு உறுதியான தடுப்பு தோட்டத்தில் வேறு எதற்கும் இல்லை என்பேன்.

தண்டு முழுசாக இருக்கிறது, ஆனால் செடி மொத்தமும் கரும்பச்சையாகித் துவண்டு, வெந்நீர் ஊற்றியது போல் இருந்தால் அது உறைபனி. அதைப் பின்னால் பார்ப்போம்.

நாற்று நெட்டையாக, வெளிறி, ஒரு பக்கம் சாய்ந்து வளர்கிறது

வெளிச்சம் போதவில்லை, சூடு அதிகம். இரண்டும் சேர்ந்தால் நாற்று ஓடிப்போய் வெளிச்சத்தைத் தேடும். பிரகாசமான ஜன்னல் என்று நமக்குத் தோன்றுவது செடிக்கு அரைகுறை வெளிச்சம். சாதாரண குழல்விளக்கு என்றால் நாற்றின் தலைக்கு மேல் 5 முதல் 10 செ.மீ உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரிய விடுங்கள். நாற்று வளர வளர விளக்கும் மேலேற வேண்டும். முளைத்தவுடன் அடிச்சூட்டை எடுத்துவிடுங்கள். முளைப்பதற்கு 25 டிகிரி நல்லது, முளைத்த பிறகு தக்காளிக்கு ராத்திரியில் 16 முதல் 18 டிகிரி போதும். அப்புறம், நாளுக்கு இரண்டு தடவை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிக் கொடுங்கள். காற்றில் ஆடுவதாக எண்ணித் தண்டு குட்டையாக, உறுதியாக வளரும்.

ஏற்கெனவே நெட்டையாகிவிட்ட தக்காளி நாற்றை விதையிலைக்கு மேல்வரை ஆழமாகப் புதைத்து நடலாம், புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். முட்டைக்கோஸை விதையிலை வரை புதைக்கலாம். வெள்ளரி, பூசணி வகைகளை இப்படிச் செய்ய வேண்டாம், தண்டு அழுகும் வாய்ப்பு அதிகம்.

இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமாகிறது

தக்காளி நாற்றிலும் முட்டைக்கோஸ் இனத்திலும் இதைப் பார்க்கலாம். புத்தகத்தைப் புரட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறை என்று இருக்கும். அது பொய்யில்லை. ஆனால் மண்ணில் மணிச்சத்து இருந்தும், குளிரில் வேரால் அதை எடுக்க முடியாமல் போவதுதான் இந்தப் பருவத்தில் வழக்கமான காரணம். உரம் போட்டுப் பயனில்லை. தட்டை இன்னும் சூடான இடத்துக்கு மாற்றுங்கள், பாத்தியானால் துணியால் போர்த்துங்கள். புதிய இலைகள் பச்சையாக வரத் தொடங்கினால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். பழைய இலை நிறம் மாறாமல் இருந்தால் கவலை வேண்டாம்.

இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்று கேட்பதுதான் முதல் கேள்வி. அடி இலைகள் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. நாற்றுக் கலவையில் சத்து மிகக் குறைவு, விதையிலைக்கு அடுத்து வரும் உண்மை இலைகள் இரண்டு ஜோடி வந்த பிறகு நாற்று பட்டினி கிடக்கும். திரவ உரத்தைச் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்காக்கி வாரம் ஒரு முறை கொடுங்கள்.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து வேருக்கு எட்டவில்லை. நீர் தேங்கிய, குளிர்ந்த மண்ணில் இது சகஜம். தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள்.

செடி முழுக்க சோர்ந்து மஞ்சளாகி, தட்டைத் தூக்கினால் கனமாக இருந்தால் தண்ணீர் மிகுதி. தூக்கிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள், ஒரு வாரத்தில் கையே சொல்லிவிடும். மண்ணைத் தட்டும்போது கொசு மாதிரிச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தால் அதற்கும் அதே ஈரம்தான் காரணம். அவற்றின் புழுக்கள் மெல்லிய வேரைத் தின்னும். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகிவையுங்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பஞ்சு போலப் படர்ந்தால் பயப்பட வேண்டாம், மட்குப் பொருளைத் தின்னும் பூஞ்சைதான், சுரண்டி எடுத்தால் போதும்.

பாத்தியில் வைக்கோலோ மரத்தூளோ மண்ணோடு கலந்திருந்தால் அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. அவற்றை மூடாக்காக மேலே போடுங்கள், உள்ளே கிளறாதீர்கள்.

வெளியே வைத்த மறுநாளே இலையில் வெள்ளைத் திட்டு, காகிதம் போல் காய்கிறது

வெயில் சுட்டிருக்கிறது. வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு நேர் வெயிலும் காற்றும் புதிது. முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை வெயில் என்று 7 முதல் 10 நாள் பழக்கிய பிறகுதான் ராத்திரியும் வெளியே விட வேண்டும். சுட்ட இலையைக் கிள்ள வேண்டாம். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் செடி தேறிவிடும்.

உறைபனி இதற்கு வேறு மாதிரி. மேகமில்லாத, காற்றசையாத ராத்திரிக்குப் பிறகு விடியலில் தெரியும். தக்காளி, பீன்ஸ், வெள்ளரி 0 டிகிரியைத் தாங்காது. பட்டாணி, பசலைக்கீரை, வெங்காயம், முட்டைக்கோஸ் அதற்குக் கீழே சில டிகிரியும் சமாளிக்கும். வானம் தெளிந்திருக்கிறது, காற்று நின்றுவிட்டது என்றால் பொழுது சாயும் முன்பே துணி போர்த்துங்கள். துணி நாலு பக்கமும் தரையைத் தொட வேண்டும். மண் பகலில் சேர்த்த சூட்டைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, செடியின் தலையில் மட்டும் முடிச்சுப் போட்டுக் கட்டினால் அந்தச் சூடு பக்கவாட்டில் போய்விடும். பிளாஸ்டிக் என்றால் குச்சி நட்டு இலையில் படாமல் நிறுத்துங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கருகிய செடியை அன்றே வெட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கு மேலே முழுக்கக் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். தக்காளியின் நடுக்குருத்து செத்திருந்தால் மாற்று நாற்று நடுவதே மேல்.

இலையில் ஓட்டைகள்

குண்டூசி குத்தியது போல் சின்னச் சின்ன வட்டங்கள், தொட்டால் பொட்டு அளவு கறுப்பு வண்டு துள்ளி ஓடுகிறது என்றால் தெள்ளு வண்டு. முள்ளங்கி, கடுகு இனங்கள், கத்தரி இதற்குப் பிடித்தவை. விதைத்த அன்றே நுண்வலை போட்டு ஓரங்களைப் புதைத்துவிட வேண்டும். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: போன வருடம் அதே பாத்தியில் அதே இனப் பயிர் இருந்தால் வண்டு அந்த மண்ணிலேயே குளிர்காலத்தைக் கழித்திருக்கும், வலை போட்டால் அதையும் உள்ளே அடைத்ததாகிவிடும். பாத்தியை மாற்றி விதையுங்கள்.

ஒழுங்கில்லாத பெரிய ஓட்டை, பக்கத்தில் பளபளக்கும் சளிக்கோடு என்றால் நத்தை. ஈரப் பலகை ஒன்றைப் பாத்தி ஓரம் போட்டுவைத்து, காலையில் திருப்பிப் பொறுக்குங்கள்.

குருத்து முறுக்கிக்கொண்டு பெரணி இலை போல வருகிறது

இது அதிகம் பேசப்படாதது, வந்தால் மனதை உடைக்கக் கூடியது. தக்காளி, பீன்ஸ், பட்டாணியின் புது இலைகள் குறுகி, கிண்ணம் போல் மடங்கி, தண்டு திருகினால் பலர் வைரஸ் என்று முடிவு கட்டுகிறார்கள். புதிதாக எரு போட்ட பாத்தியில் மட்டும் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லி அடித்த புல்லைத் தின்ற மாட்டின், குதிரையின் சாணத்தில் அந்த மருந்து சிதையாமல் வருகிறது, மட்கிய பிறகும் இருக்கலாம். மிகச் சிறிய அளவே போதும் இந்தப் பயிர்களைக் கெடுக்க.

அதனால் வெளியிலிருந்து வாங்கிய எருவைப் பாத்தியில் கொட்டும் முன் சோதித்துவிடுங்கள். மூன்று தொட்டியில் நாற்றுக் கலவையோடு அந்த எருவைச் சரிபாதி கலந்தும், மூன்று தொட்டியில் கலவை மட்டும் போட்டும், ஒவ்வொன்றிலும் மூன்று பீன்ஸ் விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் எரு நல்லது. ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் அந்தப் பாத்தியில் புல் இனமான மக்காச்சோளத்தைப் போடலாம், அதற்கு இந்த மருந்து தொல்லை தராது. மண்ணை அவ்வப்போது கிளறி ஈரமாக வைத்தால் நுண்ணுயிர்கள் மெல்ல மெல்ல மருந்தைச் சிதைக்கும். மாதக்கணக்கில் ஆகும், மறுபடி பீன்ஸ் ஊன்றிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே தக்காளிக்குப் போக வேண்டும்.

விளையும் முன்பே பூத்தண்டு கிளம்புகிறது

வெங்காயம், முட்டைக்கோஸ் இரண்டும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு பூக்கும் இயல்புள்ளவை. ஓரளவு பெரிதாகிவிட்ட செடி இரண்டு வாரம் போல 10 டிகிரிக்குக் கீழே நின்றால், குளிர்காலம் வந்து போனதாக எடுத்துக்கொண்டு பூக்கத் தயாராகிவிடும். பென்சிலைவிடத் தண்டு தடித்த முட்டைக்கோஸ் நாற்றை அவசரப்பட்டு வெளியே நட்டால் இந்த ஆபத்து உண்டு, சின்ன நாற்று அதே குளிரில் தப்பித்துவிடும். விதைக்குப் பதிலாக நடும் சிறு வெங்காயத்தில் 2 செ.மீக்கு மேல் விட்டம் உள்ளவற்றைத் தனியே எடுத்து, தாள் அறுத்துச் சாப்பிட நடுங்கள், சின்னதை மட்டும் கிழங்குக்கு விடுங்கள். காலிஃபிளவர் பொத்தான் அளவிலேயே பூ வைத்து நின்றால் நாற்று தட்டிலேயே முற்றிவிட்டது அல்லது நட்டதும் குளிரில் முடங்கிவிட்டது. ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் தட்டில் வைக்காதீர்கள்.

பசலைக்கீரை மட்டும் வேறு கணக்கு. பகல் 14 மணி நேரத்தைத் தாண்டி நீளும்போது அது பூக்கும், சூடு அதைத் துரிதப்படுத்தும். மண் கிளறும் பதத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே விதைத்துவிடுவதுதான் அதற்கு வழி. தண்டு கிளம்பியதைப் பார்த்த அன்றே கீரை முழுவதையும் அறுத்துவிடுங்கள், இரண்டு மூன்று நாள் விட்டால் கசக்கும். பூத்தண்டு விட்ட வெங்காயத்தையும் பிடுங்கி முதலில் அதைச் சமைத்துவிடுங்கள். நடுத்தண்டு கெட்டிப்பட்ட கிழங்கை எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும் சேமிப்பில் தாங்காது.